ஊரப்பாக்கம் முதல் ஐரோப்பா வரை

ஐரோப்பாவில் ரயிலேறியவன் அல்லன் நான். ஊரப்பாக்கத்தில் ஏறிச் செங்கற்பட்டில் இறங்குபவன். இடையே ஆறு நிலையங்கள், அவ்வளவுதான். ஆயினும் ஏ.கே. செட்டியாரின் பயண நூலொன்று கையில் கிடைத்த நாள் முதல் என் மின்தொடர் வண்டி நெடும்பயணமாயிற்று. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காக நாடு நாடாகச் சென்று படச்சுருள் தேடியவர் அவர். படம் 1940இல் வெளியாயிற்று. இன்று பாரிசிலிருந்து லண்டனுக்குக் கடலுக்கடியிலேயே ரயில் செல்கிறது. சுரங்கம் 1994இல் திறக்கப்பட்டதாம். நமக்குப் பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி! அந்தக் காற்று எந்த நாட்டு ரயிலில் கிடைக்கும்?

எங்கள் வீடு ஓர் அறை. ஐந்து பேர், ஒரு விளக்கு. சாய்ந்தமர்ந்து படிக்க எனக்குக் கிடைத்த இடம் ரயில் இருக்கை ஒன்றே. முதலாண்டுக் கணிதத்தில் நான் தோற்றபோது, "சித்தாள் வேலைக்கு வந்துடு" என்றார் கொத்தனாரான அப்பா. கோபத்தில் அல்ல, களைப்பில்.

மறுநாள் நோட்டுடன் நின்றுகொண்டிருந்தேன். பூக்கூடையை மடிக்கு இழுத்துக்கொண்ட பாட்டி ஒருவர், "படிக்கிற புள்ள, சன்னலோரம் உக்காரு கண்ணு" என்றார். அன்று முதல் கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் இடையில்தான் என் வகைநுண்கணிதம் நடந்தது. மல்லிகை மணத்தோடு கணக்குப் போட்டவன் இக்கல்லூரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!

தேர்வை மீண்டும் எழுதிவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. நேற்றிரவு அப்பா சட்டைப்பையைத் துழாவியபடி கேட்டார்: "சீசன் டிக்கெட் என்னிக்குடா முடியுது?"