ஜெனீவாவில் ஒரு லூஸ் கனெக்‌ஷன்!

ஜெனீவா போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். கடிகாரக் கடையில் விலையைப் பார்ப்பார்கள். பேசாமல் திரும்பிவிடுவார்கள். நானோ ரயில்வே ஸ்டேஷன் வாசலில் 18-ம் நம்பர் டிராம் பிடித்தேன். அது கடைசியாகப் போய் நிற்கிற இடம், ‘செர்ன்’ ஆராய்ச்சிக்கூடம்.

அணுத்துகள்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள்! பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவில் வட்டமாக ஒரு சுரங்கம். மெஷின் ஓடும்போது உள்ளே ஈ, காக்கை நுழைய முடியாது. ஆகவே, மேலே பார்வைக்கு வைத்திருந்த காந்தத்தைத்தான் காட்டினார்கள்.

காந்தமா அது? நீல பெயின்ட் அடித்த 15 மீட்டர் குழாய். எடை 35 டன். இதுபோல 1,232 கீழே இருக்கின்றன. நேராக ஓடத் துடிக்கும் புரோட்டான்களை வளைத்து வட்டத்துக்குள் வைப்பதுதான் வேலை.

“சாதாரணக் காந்தம் போட்டிருந்தால்?” என்றேன்.

“சுரங்கத்தை 120 கிலோமீட்டருக்குத் தோண்டியிருக்க வேண்டும்” என்றார், கூட வந்த இன்ஜினீயர்.

நயோபியம்-டைட்டானியம் கம்பி. அதற்குள் ஆயிரக்கணக்கான இழைகள்; ஒவ்வொன்றும் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன்தான். திரவ ஹீலியத்தில் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிரவைத்தால் மின்தடை சுத்தமாக மறைந்துவிடும். 11,000 ஆம்பியர் பாய்ந்தாலும் சுடாது. ஆனால், அந்தக் காந்தசக்தியே மீட்டருக்கு 400 டன் வேகத்தில் கம்பிச்சுருளைப் பிளக்கப் பார்க்கும். எஃகுக் கவ்விகள் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். கம்பி மயிரிழை நகர்ந்தாலும், அந்த உரசல் சூட்டிலேயே காரியம் கெட்டுவிடும். டிசைன் பண்ணுகிறவருக்குத் தூக்கம் போவது இங்கேதான்!

“இத்தனை யோசித்துமா 2008-ல் படுத்துவிட்டது?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் முகம் லேசாகச் சுருங்கியது.

அந்த வருஷம் செப்டம்பர் 10-ல் கோலாகலமாக ஆரம்பித்தார்கள். 19-ம் தேதி போச்சு! பழி காந்தத்தின் மேல் இல்லை. இரண்டு காந்தங்களுக்கு நடுவே பற்றவைத்த ஓர் இணைப்பு சரியாகப் பிடிக்கவில்லை. அதிலிருந்த தடை, ஓமில் கோடியில் சுமார் இரண்டு பங்கு. 8,700 ஆம்பியர் பாய்ந்தபோது அது கொடுத்த சூடு, நம் வீட்டு ஜீரோ வாட் பல்பு அளவுதான். அந்தக் குளிருக்கு அதுவே எமன்! இணைப்பு உருகி, மின்பொறி பறந்து, டன் கணக்கில் ஹீலியம் பீறிட்டு, மலை மாதிரி காந்தங்கள் இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே தூக்கி ரிப்பேர் பார்த்து, மறுபடி ஓட்ட 14 மாதம்.

“அப்புறம்?”

“2013-14-ல் எல்லாவற்றையும் திறந்து, 10,000-க்கு மேற்பட்ட இணைப்புகளைப் பலப்படுத்தினோம்.” என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்: “காந்தங்களைத் தாங்கி நிற்கிற ஜாக்கிகள் உங்கள் இந்தியாவிலிருந்து வந்தவை!”

வெளியே, 2004-ல் இந்திய அரசு கொடுத்த இரண்டு மீட்டர் நடராஜர் ஆடிக்கொண்டிருந்தார். எல்லோரும் தூக்கிய காலையே போட்டோ எடுத்தார்கள். நான் ஊன்றிய காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரால் ரெண்டு திருகு திருகி, “லூஸ் கனெக்‌ஷன் சார், நூறு ரூபா கொடுங்க” என்பார். இதுக்குப் போய் நூறா என்று சண்டை போடுவேன்.

இனிமேல் பேரம் பேசுவதாக இல்லை.