நெய் டப்பாவும் மஞ்சள் டப்பாவும்

மான்செஸ்டர்.

அன்புள்ள அக்காவுக்கு,

திருக்கருகாவூரில் நீ மந்திரித்து வாங்கி அனுப்பிய நெய் வந்து சேர்ந்தது. 48 நாள் இருவரும் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஃபிரிட்ஜில் ஊசி மருந்துகள் இருந்த தட்டில் வைத்தேன். தட்டு காலியாகத்தான் கிடந்தது. மூன்றாவது சிகிச்சையிலும் கரு தங்கவில்லை, அக்கா. நாலாவதற்குப் போவதில்லை என்று போன வாரம் இரண்டு பேருமாக முடிவெடுத்துவிட்டோம். போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைப் பார்த்து நானும் அழுவேன். அதனால்தான் கடிதம்.

"நீ டென்ஷன் ஆகுற, அதான் நிக்க மாட்டேங்குது." அம்மா சொன்னாள், சித்தி சொன்னாள், இங்கே கோயிலில் பார்த்த ஒரு மாமியும் சொன்னார். நானும் நம்பித் தொலைத்தேன். கருவை உள்ளே வைத்தபின் முடிவு தெரியக் காத்திருக்கும் இரண்டு வாரம் இருக்கிறதே, அதில் ஆபீசில் ஒருவர்மேல் கோபம் வந்தால்கூட, ஐயோ இதனால் போய்விடுமோ என்று பயம். பயந்துவிட்டோமே என்று அதற்கு ஒரு பயம். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி பொய்வின் குழு 2011-லேயே 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறது. சிகிச்சைக்கு முன் மனம் எவ்வளவு கலங்கியிருந்தாலும், அதற்கும் கரு தங்குவதற்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. இதை நான் படித்தது மூன்றாவது தோல்விக்குப் பிறகு. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

கரு தங்காததற்கு டென்ஷன்மேல் பழி போட வேண்டாம். நாங்கள் நிறுத்துவது மட்டும் அதனால்தான். ராத்திரி ஒன்பது மணி ஊசிக்காக ஒரு வளைகாப்பிலிருந்து பாதியில் எழுந்து, அவர்கள் வீட்டுக் குளியலறையிலேயே வயிற்றில் குத்திக்கொண்டு வந்து, வளையலும் போட்டுக்கொண்டேன். எனக்கு ஊசி போடுகிற நாட்களில் இவர் கை கழுவப் போவார். குழாய் ரொம்ப நேரம் ஓடும். நான் போய்க் கதவைத் தட்டியதில்லை.

நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு அரசு செலவில் இந்தச் சிகிச்சையை மூன்று சுற்று தர வேண்டும் என்று இங்கே 2013-இல் வந்த மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. கையில் கிடைப்பது குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது. எங்களுக்கு ஒன்று கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் போனது வீட்டுக்கு என்று சேர்த்த பணம்.

இங்கிருந்து டிராம் ஏறினால் ஓல்டம். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25-இல் பிறந்தது அங்கேதான். அதற்குப் பாடுபட்ட ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1969-லிருந்து 1978 வரை அந்த முயற்சிக்கு உடம்பைக் கொடுத்த பெண்கள் 282 பேர். பிறந்தது இரண்டே குழந்தைகள். போன ஞாயிறு சும்மா அந்த டிராமில் போய்வந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெறும் வயிற்றோடு ஊர் திரும்பிய 280 பேரை நினைத்துக்கொண்டே போனேன். அவர்களுக்கும் யாராவது டென்ஷன் ஆகாதே என்று சொல்லியிருப்பார்கள்.

பழைய ஊசிகள் போடும் மஞ்சள் டப்பாவை நேற்று ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தாயிற்று. நெய்யை என்ன செய்வது? கோபித்துக்கொள்ளாதே. ராத்திரி துவரம்பருப்பு வேகவைத்து, சுடுசோற்றில் பிசைந்து, மேலே ஊற்றிச் சாப்பிட்டோம். இவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். நல்ல நெய், அக்கா. மணல்மணலாக இருந்தது.

உன் தங்கை