பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வேலையிடத்தில் முதுகோ தோளோ நிரந்தரமாகப் பழுதான தொழிலாளி அதற்கென மொத்தத் தொகை பெற, அவருடைய ஊனம் 10 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். சரியாக 10 என்றால் ஒன்றுமில்லை. தொழிலாளர் தரப்பில் வழக்காடும் எங்கள் உழைப்பில் பெரும்பங்கு இந்த ஒரு சதவீதத்துக்கே போகிறது.

சதவீதத்தைச் சொல்பவர் தனிநபர் காய ஆணையத்தின் மருத்துவ மதிப்பீட்டாளர். அவர் சான்றிதழில் பிழை தெரிந்தால் 28 நாட்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம்: மருத்துவர்கள் இருவர், ஆணைய உறுப்பினர் ஒருவர். குழுவும் கைவிரித்துவிட்டால், மிஞ்சுவது மாநில சுப்ரீம் கோர்ட்டின் நீதிப் புனராய்வு.

"நீதிபதி என் முதுகைப் பார்ப்பாரா?" என்று கட்சிக்காரர்கள் கேட்பார்கள். பார்க்கமாட்டார், சதவீதத்தையும் மாற்றமாட்டார். சட்டம் கேட்கச் சொன்ன கேள்வியைக் குழு கேட்டதா, விடைக்குக் காரணம் எழுதியதா என்பதே அவர் முன்னுள்ள வழக்கு.

அதனால் குழுவின் முடிவு கைக்கு வந்ததும், எண்ணுக்கு முந்தைய பத்திகளைத்தான் முதலில் படிக்கிறேன். பழைய பழுதுக்கான கழிவு அங்கே இருக்கும். இன்றைய ஊனத்தில் பழைய பழுதின் பங்கை அளப்பது கடினமென்றால், சான்றுகளுக்கு முரணாகாதவரை பத்தில் ஒன்றைக் கழிக்கச் சொல்கிறது மாநிலத்தின் 1998-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 323-ஆம் பிரிவு. 11-இல் பத்தில் ஒன்று போனால் 9.9. முழு எண்ணாக்கினால் 10. தொகை போயிற்று.

பழைய ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தது என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே கழிவு. நான் தேடுவது இந்த இடைவெளியைத்தான். வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மூட்டை தூக்கியவரின் முதுகிலும் தேய்மானம் இருக்கலாம். அது இன்றைய ஊனத்துக்கு உண்மையில் காரணமானதா என்பதைச் சான்றைக் கொண்டு சொல்ல வேண்டும், ஊகம் செல்லாது.

குழு காரணம் கூறியே ஆகவேண்டும் என்று 2006-இல் கேம்பெல்டவுன் நகரசபை வழக்கில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விக்டோரியா மருத்துவக் குழு ஒன்றைப் பற்றிய 2013 வழக்கில், தான் முடிவுக்கு வந்த வழியைக் குழு காட்டினால் போதும் என்றது நாட்டின் தலைமை நீதிமன்றம். மருத்துவர்களின் ஒவ்வொரு சொல்லையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துருவுவது இந்தத் தொழிலுக்கு அழகில்லை. வழி தெரிகிறதா என்று பார்ப்பது போதும். தெரிந்தால், முடிவு எவ்வளவு கசந்தாலும், வழக்குப் போட வேண்டாம் என்றே சொல்கிறேன்.

வென்றாலும் உடனே பணம் வராது. முடிவு ரத்தாகி, விவகாரம் மீண்டும் மருத்துவர்களிடமே போகும். சில வேளை அதே எண் காரணங்களோடு திரும்பி வரும். அப்போதும் இது வீண் வேலை என்று எனக்குத் தோன்றுவதில்லை. வேலைக்கு உடம்பைக் கொடுத்தவரிடம் 'இல்லை' என்று சொல்பவர்கள், ஏன் இல்லை என்பதை அவருக்குப் புரியும்படி எழுதித் தரக் கடமைப்பட்டவர்கள்.