வெளிவீதி கற்பித்த பாடம்

மதுரைப் பள்ளியொன்றில் யான் தமிழ் கற்பித்த காலத்தில், ஒருநாள் புவியியல் ஆசிரியர் வாராமையால் அவ்வகுப்பு என்பால் வந்தது. பரிபாடல் மதுரையைத் தாமரைக்கு ஒப்பிடுதலைக் கூறி, கோயிலினுள் ஆடி வீதியையும், அதனைச் சூழச் சித்திரை, ஆவணிமூல, மாசி, வெளி வீதிகளையும் கரும்பலகையில் வரைந்தேன்.

"ஐயா, ஊர் நடுவே இருப்பதை வெளிவீதி என்பது ஏன்?" என்றான் ஒரு மாணவன்.

"அறியேன்" என்று கூற நாணினேன், எனினும் கூறினேன். பின்னர் நூல்களை நாடித் தெளிந்தேன். 1840களில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், கோட்டைமதில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, அவ்விடத்தே வெளிவீதிகள் அமைந்தன. அன்று அவை நகரின் எல்லை. பின்னர் நகர் அவற்றைக் கடந்து வளர்ந்தது. மறுநாள் மாணவருடன் அவ்வீதிகளில் நடந்தே அப்பாடத்தை நிறைவு செய்தேன்.

மாணவர்களே! நும் தெருப்பெயரின் காரணத்தை வினவுங்கள். அறியாததை அறியேன் எனக் கூற நாணாதீர்கள்.