ஒரு நாள் நின்ற சண்டை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இலங்கையின் வடக்கில் செல்லடி உச்சத்தில் இருந்தபோது, குறித்த சில நாள்களில் மட்டும் சண்டை நின்றது. போலியோச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக அரசும் புலிகளும் ஒப்புக்கொண்ட நிறுத்தம் அது. யுனிசெஃப்புடன் சேர்ந்து அதைப் பேசி முடித்தவர்களில் முன்னால் நின்றவர் கே.ஆர். ரவீந்திரன். ரோட்டரி என்ற சேவைக் கழகத்தின் இலங்கை உறுப்பினர், பின்னாளில், 2015-16இல், உலக ரோட்டரியின் தலைவரானவர். முன்பள்ளிக்கூட முற்றத்தில் ஐஸ் பெட்டியோடு மருத்துவமாது உட்கார்ந்திருப்பா. தாய்மார் இடுப்பில் பிள்ளையோடு வரிசையில் நிற்பார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைகூடக் கால் சூம்பாமல் தப்பியதில் அந்த நாள்களுக்கும் பங்குண்டு.

மருந்து நாள் முடிந்தால் செல் திரும்பவும் வரும். ஒரு நாள் நிறுத்தக்கூடியவர்களால் அடுத்த நாளும் ஏன் நிறுத்த முடியவில்லை என்று என் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. பதில் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் வந்து குடியேறிய இங்கிலாந்தின் பிராட்போர்ட்டில் அந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்க உலகமெங்கும் இருந்து ஆட்களைக் கூட்டி வருவதும் அதே ரோட்டரியின் காசுதான். இதற்கென ஒரு புலமைப்பரிசிலை 1999இல் தீர்மானித்து, 2002இல் முதல் அணியை எடுத்தார்கள். முதுகலை படிக்க ஆண்டுக்கு 50 பேர் வரை, சான்றிதழ்ப் படிப்புக்கு 80 பேர் வரை. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட், களப்பயிற்சிச் செலவு எல்லாம் அந்தப் புலமைப்பரிசிலுக்குள் அடக்கம். பிராட்போர்ட், சுவீடனில் உப்சாலா, அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து, ஜப்பானில் சர்வதேச கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று முதுகலைக்கு இடங்கள் உண்டு. சான்றிதழுக்குக் கம்பாலாவும் இஸ்தான்புல்லும். இப்போது புனேயும் சேர்ந்திருக்கிறது. 1,800 பேருக்கு மேல் படித்து வெளியேறிவிட்டார்கள்.

இதன் விதிகளில் இரண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். முதுகலைக்குத் தெரிவாகிறவர் தன் சொந்த நாட்டில் படிக்க முடியாது. தன் சண்டையை விட்டு வெளியே வந்து, வேறொருவரின் சண்டைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மற்றது, ரோட்டரி உறுப்பினர்களோ அவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ விண்ணப்பிக்க முடியாது. காசு சேர்க்கிறவர்கள் தங்கள் வீட்டுக்கு ஒன்றும் எடுத்துப் போகக் கூடாது. எங்கள் ஊர்ச் சங்கங்கள் எத்தனையைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு விதியைத் தங்களுக்குத் தாங்களே எழுதி வைப்பது லேசான காரியம் இல்லை.

பிராட்போர்ட் இந்தப் படிப்புக்குச் சும்மா கிடைத்த ஊர் அல்ல. கம்பளி ஆலைகளால் வளர்ந்து, ஆலைகள் மூடியதால் மெலிந்த ஊர். அணுகுண்டு எதிர்ப்பு இயக்கம் பிறக்கக் காரணமான கட்டுரையை 1957இல் எழுதிய ஜே.பி. பிரீஸ்ட்லி பிறந்தது இங்கேதான். பல்கலைக்கழக நூலகத்துக்கு அவர் பெயர். 2001 ஜூலை 7ஆம் திகதி இதே ஊர் எரிந்தது. வெள்ளை இனவாதிகள் ஊர்வலம் வருகிறார்கள் என்ற கதை பரவி, மானிங்ஹாம் பக்கத்தில் ஆசிய இளைஞர்களும் பொலிஸாரும் மோதினார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட பொலிஸார் காயப்பட்டார்கள். இருநூறு பேரளவில் மறியலுக்குப் போனார்கள். அதில் பலர் பள்ளிக்கூடம் முடித்து அதிக நாளாகாத பெடியன்கள். பிறகு வந்த அறிக்கைகள், இரண்டு சமூகங்களும் ஒரே நகரத்தில் ஒன்றையொன்று தொடாமல் வாழ்கின்றன என்று எழுதின. ரோட்டரியின் முதல் மாணவர்கள் இங்கே வந்து இறங்கியது அதற்கு அடுத்த வருடம். அவர்களுக்குப் பாடம் வகுப்பறையில் மட்டும் இருக்கவில்லை.

அவர்களை வரவேற்கிறவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மேல்மாடி அறையில் கொலம்பியப் பெண் ஒருவர் வாடகைக்கு இருந்தார்; இந்தப் புலமைப்பரிசிலில் வந்தவர். ஒரு மாலை ரோட்டரிக் கழகக் கூட்டத்தில் அவர் பேச வேண்டியிருந்தது, என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். ஒரு ஹோட்டலின் மேல்தளத்தில் சிறு மண்டபம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள்: ஓய்வு பெற்ற வங்கி மனேஜர், பல் டொக்டர், சாயப்பட்டறை வைத்திருந்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு அதிர்ஷ்டச் சீட்டு. பரிசு ஒரு போத்தல் வைன், ஒரு டின் பிஸ்கட், ஒரு தட்டுப் பூங்கன்று. சீட்டுக் காசை ஒரு மூதாட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இரண்டு தரம் எண்ணி, கொப்பியில் எழுதினா. ரோட்டரி அறக்கட்டளைக்கு 1917இல் கிடைத்த முதல் நன்கொடை 26 டொலர் 50 சதம். இன்றைக்கும் அது இப்படியான டப்பாக்களால்தான் நிறைகிறது.

கொலம்பியப் பெண் ஸ்லைட் காட்டிப் பேசி முடித்ததும் சாயப்பட்டறைக்காரர் கேட்டார்: "2016இல் ஒப்பந்தம் போட்டுவிட்டீர்களே, இன்னும் என்ன வேலை மிச்சம் இருக்கிறது?" உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் அதற்குப் பிறகுதான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். தன் வேலை ஒரு மலைக் கிராமத்தில் என்றார். முன்னாள் போராளிகள் தங்கள் சின்னப் பிள்ளைகளை அந்தக் கிராமப் பாலர் பள்ளியில் விடக் கேட்டார்கள். கிராமத்துத் தாய்மார் மறித்தார்கள். அந்தத் தாய்மாரில் இருவரின் கணவன்மார் போராளிகளால் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்கள். "அவர்களிடம் மன்னியுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. புருஷன்மாரைப் புதைத்த இடத்தை முதலில் சொல்லுங்கள் என்றுதான் மற்றப் பக்கத்திடம் போய்க் கேட்டேன்." மாதக்கணக்கில் நடந்திருக்கிறார். இடம் தெரிந்த பிறகுதான் பாலர் பள்ளிக் கதவு திறந்தது.

அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு அடம் கேர்ல் ஞாபகம் வந்தார். பிராட்போர்ட்டில் சமாதானக் கற்கைத் துறை 1973இல் தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியர் அவர். குவேக்கர் கிறிஸ்தவர்கள் ஊரெல்லாம் காசு திரட்டி ஏற்படுத்திய பதவி அது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய போர்க்கைதிகளைப் பழைய வாழ்வுக்குக் கொண்டுவரும் வேலையில் தொடங்கி, இந்திய-பாகிஸ்தான் போரிலும் நைஜீரிய உள்நாட்டுப் போரிலும் இரு பக்கமும் போய்ப் பேசியவர். அப்படிப்பட்டவர் எழுதி வைத்தது என்னவென்றால், பலம் சமமில்லாத இடத்தில் எடுத்த எடுப்பில் சமரசம் பேசுவது பலசாலிக்கே உதவும் என்பது. அடங்கி இருக்கிறவன் முதலில் தன் நிலையை உணர வேண்டும். பிறகு வன்முறை இல்லாமல் எதிர்த்து நிற்க வேண்டும். இருவரும் ஓரளவு சமமான பிறகே பேச்சுவார்த்தைக்குப் பொருள் உண்டு. வெடிச்சத்தம் கேட்காத ஊரிலும் சமாதானம் இல்லாமல் இருக்கலாம் என்று அவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னிக்குப் போய் வந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஆட்களில் பலருக்குச் சமாதானம் என்ற பேச்சே கசக்கிறது. கசக்க நியாயம் இருக்கிறது. வெள்ளைக் காற்சட்டையும் கோப்புமாக வந்து போனவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். இந்தப் படிப்பை முடித்தவர்களிலும் எல்லாரும் ஊர் திரும்புவதில்லை. சிலர் பெரிய நிறுவனங்களின் அலுவலகங்களோடு நின்றுவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் இந்தக் கல்வியை வேண்டாம் என்று நாங்கள் ஒதுங்கினால், எங்கள் கதையை எங்களைத் தவிர மற்ற எல்லாரும் படித்துப் பட்டம் வாங்குவார்கள். அனுபவம் உள்ளவர்களைத்தான் ரோட்டரிக்காரர்கள் தேடுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரோடு வெயிலில் இருந்தவர்கள், காணிப் பத்திரத்துக்காகக் கச்சேரிக்கு அலைந்தவர்கள், விதவைகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்கெழுதியவர்கள் எங்களிடம் எத்தனை பேர்! இவர்களில் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. பெப்ரவரியில் விண்ணப்பம் திறந்து மே நடுப்பகுதியில் மூடுவார்கள் என்பதைத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் மகள் கிளிநொச்சியில் அப்படித்தான் வேலை செய்கிறாள். இந்த வருடம் விண்ணப்பம் எழுதுகிறாள். பிராட்போர்ட்டைப் போடு, சாப்பாட்டுக்கு நான் இருக்கிறேன் என்றேன். கேர்லைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, உப்சாலாதான் வேண்டும் என்றாள். உலகத்தில் நடக்கும் போர்களின் சாவுகளை வருடவாரியாகப் பதிந்து வைக்கிற தரவுத் திட்டம் அங்கே இருக்கிறது. ஒரு வருடத்தில் 25 பேர் சண்டையில் செத்தாலே அதை ஆயுத மோதல் என்று குறித்துக்கொள்வார்கள். 

"சித்தி, கடைசிச் சண்டையில 40,000 சனம் வரை செத்திருக்கலாம் எண்டு ஐ.நா. நிபுணர் குழு 2011இல எழுதினது. அடுத்த வருசம் அவையின்ர இன்னொரு அறிக்கை, 70,000க்கு மேல சனத்துக்குக் கணக்கில்லை எண்டு தகவல் இருக்கு எண்டுது. இரண்டுக்கும் நடுவில 30,000 பேருக்கு மேல நிக்கினம். அவையை எப்பிடி எண்ணுறதெண்டு நான் படிக்க வேணும். எண்ணி முடிச்சிட்டு உங்கட கேர்லிட்ட வாறன்."

அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டுமாம். ஒன்று ஆயத்தம். மற்றதைத் தான் வேலை செய்யும் சங்கத்துத் தாய்மாரிடம் கேட்டிருக்கிறாள். அவர்கள் தமிழில் எழுதித் தருவார்கள், ஆங்கிலத்தில் ஆக்கித் தருவது என் பொறுப்பு.