குறுக்குக் கோடு இல்லாத ஏ

ஜூன் 3, திங்கள்

பரணில் ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே கால்குலேட்டர் சைஸில் மடக்கு டிஜிட்டல் டைரி ஒன்று, பாம் III கையடக்கக் கணினி ஒன்று, சயான் சீரீஸ் 5 குட்டிக் கணினி ஒன்று. மருந்துக் கம்பெனிப் பையோடு மதுரை டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்த காலத்துச் சொத்து. “கேமா தாத்தா?” என்றான் பேரன். இந்த வாரம் பால் கணக்கு, சில்லறைக் கணக்கு எல்லாம் இவற்றில்தான்.

ஜூன் 4, செவ்வாய்

டிஜிட்டல் டைரி. கடுகு போலப் பட்டன்கள். பால்காரர் பெயரை ஏற்றுவதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். ஒருமுறை செல் மாற்றும்போது அவசரத்தில் துணை செல்லையும் சேர்த்துக் கழற்றி, டாக்டர்கள் நம்பரையெல்லாம் தொலைத்தேன். தப்பு என்னுடையதுதான். இருந்தாலும் இன்று அதைக் கையில் எடுத்ததும் வயிற்றைப் பிசைந்தது.

ஜூன் 6, வியாழன்

பாம். ரிமோட்டுக்குப் போடும் சின்ன செல் இரண்டு போதும். கீழே நான்கு பட்டன். அணைந்து கிடந்தாலும் டைரிப் பட்டனை அழுத்தினால் நேரே இன்றைய பக்கம். என் செல்போனில் பூட்டைத் திறந்து, டைரிப் படத்தைத் தேடி, கூட்டல் குறியைத் தொட்டு... அதற்குள் எதை எழுத வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது.

பாமை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தாராம். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, குச்சியால் குறித்துக்கொள்வது போலப் பாவனை. 1996-ல் வந்த முதல் பாமான பைலட், சட்டைப்பைக்குள் அடங்கியதற்கு அந்தக் கட்டைதான் காரணம்.

1993-ல் வந்த ஆப்பிள் நியூட்டன் நம் கையெழுத்தைத் தான் படித்துக்கொள்வதாகச் சொல்லி, தப்பும் தவறுமாகப் படித்து ஊர் சிரிக்க வைத்தது. பாம் அந்த வீறாப்பே காட்டவில்லை. நீ என் எழுத்தைப் படி என்றது. கிராஃபிட்டி என்று பெயர். எழுதும் இடத்தில் இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். எழுத்துகள் பெரும்பாலும் ஒரே இழுப்பு. ஆங்கில ஏ-க்குக் குறுக்குக் கோடு கிடையாது, கூரை மட்டும். அரை நாளில் கை பழகிவிடும்.

தமிழ்தான் இல்லை. கத்தரிக்காயை ஆங்கில எழுத்தில் கிறுக்கினால் வாங்கி வந்தபின் எனக்கே சந்தேகம்.

ஜூன் 8, சனி

சயான். மூடியைத் திறந்தால் விசைப்பலகை முன்னால் நழுவி வந்து உட்காரும் அழகுக்கே காசு கொடுக்கலாம். பத்து விரலாலும் தட்டலாம். பால் கணக்கைக் கட்டம் போட்டுக் கூட்டிக் காட்டுகிறது. இதற்குள் இருந்த இபாக் மென்பொருள்தான் பின்னால் சிம்பியனாகி நோக்கியா போன்களில் ஏறியது. ஆனால் மேஜை வேண்டும், நாற்காலி வேண்டும். வாசலில் நின்றபடி, ஒரு கையில் பால் செம்போடு, இதைத் திறந்து பாருங்கள். டாக்டர் அறை வாசலிலும் நமக்கு நாற்காலி எப்போது கிடைத்தது?

ஜூன் 9, ஞாயிறு

பாமுக்கே ஓட்டு. இரவு, பேரனின் நோட்டுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தான். “தாத்தா, ஏ-க்கு நடுவுல கோடு போட மறந்துட்டீங்க.”