ஏரிக்கரை காயட்டும்

எளாவூரில் மலை கிடையாது. மழை ஓய்ந்த தெளிந்த காலையில் மேற்கே பார்த்தால் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் மலைத்தொடர் தெரியும், அவ்வளவுதான். மவுண்டன் பைக்கோடு நான் இங்கே வந்தது மண்ணுக்காக. கிழக்கே பழவேற்காடு ஏரியின் உப்புச்சேறு. மேற்கே தேர்வாய் கண்டிகை வரை செம்மண், சரளை, சின்னச் சின்ன ஏரிக்கரைகள். நடுவே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை. ஒரே காலையில் இத்தனை வகை மண்ணில் ஓட்ட முடிகிற இடம் சென்னையைச் சுற்றி அரிது. ஆனால் எந்த மாதம் வருகிறோம் என்பதைப் பொறுத்து இந்தப் பாதைகள் ஆளே மாறிவிடும்.

நான் போனது தை மாதக் கடைசியில். விடிந்ததும் ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி சுண்ணாம்புக்குளம் பக்கம் திரும்பினேன். முதலில் கிழக்கே போவதற்குக் காரணம் உண்டு. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும். அப்போது மேற்கே போய்க்கொண்டிருந்தால் காற்று முதுகைத் தள்ளும். எதிர்த்து மிதித்தால் சமவெளிகூட ஏற்றமாகிவிடும்.

தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் டிராக்டர் தடம். சம்பா அறுத்த வயல்கள். அறுவடை இயந்திரம் திரும்பிய இடங்களில் களிமண் பாளம்பாளமாகப் புரண்டு, பாதி காய்ந்து கிடந்தது. இந்த அரைக்காய்ச்சல்தான் தொல்லை. முழு ஈரத்தில் சக்கரம் வழுக்கும், முழுக்கக் காய்ந்தால் உடம்பு குலுங்கும். இரண்டுக்கும் நடுவில் மண் டயரில் அப்பி, பிரேக்கில் அடைத்து, சக்கரத்தைச் சுற்றவே விடாது. குச்சியால் சுரண்டிச் சுரண்டித்தான் நகர்ந்தேன்.

ஏரி நெருங்க நெருங்கத் தரை வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு. மேலே காய்ந்த பொருக்கு, வெயிலில் வைத்த வடகம் மாதிரி வெடித்து விளிம்பு தூக்கியிருந்தது. இறங்கி குதிகாலால் ஓங்கி மிதித்தேன். பொருக்கு நொறுங்கி, அடியிலிருந்து கருஞ்சேறு கிளம்பியது. அழுகிய முட்டை நாற்றம். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் இங்கே சக்கரத்தை விடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறு கொண்டுவரும் வெள்ளம் ஏரியை விரிக்கிறது. கோடையில் ஏரி சுருங்கி, கரையோரத் தரை இறுகுகிறது. தையில் மேல்பரப்பு மட்டும் காய்ந்திருக்கும். பார்த்தால் ஓட்டலாம் என்றுதான் தோன்றும்.

தொலைவில் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. பழவேற்காடு 1980-இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். பறவைகள் கூடும் மாதங்களும் நமக்கு வெயில் இதமாக இருக்கும் மாதங்களும் ஒன்றே. அதனால் அந்தப் பக்கம் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, கிராமப் பாதையிலேயே திரும்பினேன். கடலோரம் ஓட்டிய வண்டியின் செயினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். விட்டுவைத்தால் உப்புக்காற்று துருவேற்றிவிடும்.

நெடுஞ்சாலையை இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்தேன். சோதனைச்சாவடியை ஒட்டி லாரிகள் ஓயாத இடம் அது. அதைத் தாண்டி உள்ளே போகப் போக மண்ணின் நிறம் சிவக்கிறது. இங்கே தை வெயிலுக்குச் செம்மண் கெட்டித்திருந்தது. சக்கரம் பிடித்துக்கொண்டு ஓடியது. மழை பெய்து ஓரிரு நாள் வடிந்த செம்மண்ணைவிட நல்ல பிடிமானம் எந்தத் தரையிலும் கிடையாது. மவுண்டன் பைக் 1970-களில் உருவெடுத்த கலிபோர்னியாவின் டமால்பையஸ் மலையும் கடலோரத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் குளிர்கால மழைக்குப் பிறகு மண் வடிவதற்குத்தான் ஓட்டுகிறவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பக்கத்தில் நெருஞ்சி இருக்கிறது. மழையில் மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்து, மாசி, பங்குனியில் காய் உலர்ந்து முள்ளாக உதிரும். இதே செடி மேற்கு அமெரிக்காவிலும் பரவி அங்குள்ள சைக்கிள்காரர்களைப் படுத்துகிறது. கூடவே சீமைக் கருவேல முள். ட்யூப் போட்ட டயர் என்றால் பங்குனியில் இங்கே தப்பாது. ட்யூப்லெஸ் டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி வருவதே வழி.

ஓர் ஏரிக்கரையில் ஏறப் போனேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கைகாட்டி நிறுத்தினார்.

“இன்னா தம்பி, அந்தாண்ட கரை இன்னும் காயல. வண்டி ஏத்தாத.”

“சைக்கிள்தானே ஐயா?”

“சைக்கிளு போனா கோடு விழும். அடுத்த மழைக்குத் தண்ணி அந்தக் கோட்டுலதான் ஓடும். கரை அறுத்துக்கும்.”

நான் அன்று பார்த்ததில் முக்கியமானது அந்தக் கரைதான். முந்தைய மழையில் மாட்டுத்தடம் ஒன்று விரல் அகல ஓடையாகி, சரிவில் இறங்க இறங்க முழங்கை ஆழத்துக்கு அரித்திருந்ததை அவரே காட்டினார். கரைக்கு அந்தப் பக்கம் பயிர். நமக்குப் பாதையாகத் தெரிவது ஊர்க்காரர்களுக்கு ஏரி. தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக மேய்ச்சல் நிலம் போனபோது ஊர் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். மிச்சம் இருக்கும் தடங்களில் நாம் விருந்தாளிகள். சென்னைக் குடிநீருக்காக 500 மில்லியன் கன அடிக் கொள்ளளவில் கட்டி 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தின் கரையிலும் ஏறாமல், வெளியே இருக்கும் வண்டிப்பாதையில்தான் போனேன்.

மாதக் கணக்கு என் பார்வையில் இப்படி. தையில் மேற்குச் செம்மண். மாசியும் பங்குனியும் இரண்டு பக்கத்துக்கும் ஏற்றவை. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். புழுக்கத்தில் உடம்பின் நீர் வற்றுவதே தெரியாது. ஆடி முதல் புரட்டாசி வரை மாலை இடிமழை வரும். மறுநாள் விட்டு அடுத்த நாள் செம்மண்ணில் அருமையாக ஓட்டலாம். ஆண்டு மழையில் பெரும்பங்கு கொட்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் மார்கழிப் பாதி வரையிலும் எளாவூர்ப் பக்கம் சைக்கிளோடு வராதீர்கள். மற்ற நாளிலும் டயர் தடம் விரல் ஆழத்துக்குப் பதிந்தால் இறங்கி, வந்த வழியே வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்புங்கள்.